கட்டுமானத் தொழிலில் கூட்டுப்பணி முறை: தடையாக நிற்பவை யாவை?

(தோட்டப்புறப் பள்ளிக் கட்டடக் குழுவினருக்கும் சிறு குத்தகையாளர்களுக்கும் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கட்டுமானத் தொழிலில் கூட்டுப்பணி முறை பரவாமல் இருப்பதற்கு எவை தடை என்பதே இன்று நான் பேச வேண்டிய பொருள். பொறியியலாளர்கள் கூடிப் பேச வேண்டியதை நம்மிடம் ஏன் கொண்டு வந்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று மின்கம்பி பொருத்துகின்றனர், குழாய் இணைக்கின்றனர், சாயம் பூசுகின்றனர், நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சிறு குத்தகைகளை எடுத்து நடத்துகின்றனர். மற்றொரு பக்கம், நம் பள்ளிகளுக்கு வகுப்பறைகள் தேவைப்படுகின்றன, மண்டபங்கள் தேவைப்படுகின்றன. கட்டடம் கட்டுபவர்களும் நம்மில் இருக்கின்றனர். கட்டடத்திற்காகக் காத்திருப்பவர்களும் நாமாகவே இருக்கின்றோம். வேலை பாதியில் நின்றுவிட்டால் இரு பக்கமும் இழப்பு நமக்கே.

வழக்கமான முறை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். கட்டடம் வேண்டும் என்று முடிவு செய்பவர் கட்டடக் கலைஞரை அமர்த்தி வரைபடம் எழுதச் செய்கின்றார். பொறியியலாளர் தூணுக்கும் உத்திரத்துக்கும் கணக்குப் போடுகின்றார். அளவு மதிப்பீட்டாளர் எவ்வளவு சிமெண்டு, எவ்வளவு இரும்பு என்று பட்டியல் எழுதுகின்றார். இவையெல்லாம் முடிந்த பிறகே டெண்டர் அழைக்கப்படுகின்றது. பெரும்பாலும் குறைந்த விலை கூறியவருக்கே வேலை கிடைக்கின்றது. அவர் அதனைப் பிரித்துத் துணைக் குத்தகையாளர்களிடம் கொடுக்கின்றார். அவர்களோ தமக்குக் கீழே வேறு சிலரைப் பிடிக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தமக்கு நேர்மேலே இருப்பவருடன் மட்டுமே ஒப்பந்தம். வரைபடம் எழுதியவரும் செங்கல் அடுக்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே கட்டடம் எழுந்துவிடக்கூடும். ஏதேனும் கோளாறு நேருமாயின், அதனைச் சரிசெய்வதற்கு முன்னதாகவே, அது யார் தலையில் விழ வேண்டும் என்பது பற்றிய கடிதங்கள் பறக்கத் தொடங்குகின்றன.

கூட்டுப்பணி முறை இதற்கு மாறானது. வரைபடம் முற்றுப்பெறுவதற்கு முன்னரே உரிமையாளர், கட்டடக் கலைஞர், பொறியியலாளர், தலைமைக் குத்தகையாளர், முக்கியமான துணைக் குத்தகையாளர்கள் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். கட்டடத்திற்கு இவ்வளவு செலவாகும் என்று ஓர் இலக்குத் தொகையைச் சேர்ந்து முடிவு செய்கின்றனர். கணக்குப் புத்தகம் அனைவருக்கும் திறந்து வைக்கப்படுகின்றது. இலக்குக்குக் கீழே வேலை முடிந்தால் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்வர். மேலே சென்றால் நட்டத்தையும் பங்கிட்டுக்கொள்வர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2007ஆம் ஆண்டில் இதற்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே கருத்து வேறு பெயர்களில் வழங்குகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள நமக்கு வெளிநாட்டு நூல் தேவையில்லை. சிறு ரப்பர்த் தோட்டங்களில் 'பாகி டுவா' என்னும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். மரம் ஒருவருடையது, சீவும் கை மற்றொருவருடையது, விற்ற பணத்தில் இருவருக்கும் சரிபாதி. விலை ஏறினால் இருவரும் மகிழ்வர். விலை சரிந்தால் இருவரும் வருந்துவர். மழைக்காலத்தில் மரம் சீவ முடியாமற் போனால் இருவர் வீட்டிலும் அடுப்பு அடங்கி எரியும். இந்த ஏற்பாடு ஏன் நிலைத்து நிற்கின்றது? இருவரும் நற்குணம் உடையவர்கள் என்பதனாலா? இருக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமான ஒரு காரணம் உண்டு. கடையில் கட்டிப்பாலைத் தராசில் வைக்கும்போது எடையும் விலையும் இருவருக்கும் தெரியும். பணம் அன்றே கைக்கு வரும். தராசு மறைந்திருந்து, பணம் ஆறு மாதம் கழித்து வருமாயின், எவ்வளவு நல்லவர்களாயினும் அந்தப் பங்காளித்தனம் முறிந்துவிடும். கட்டுமானத் தொழிலின் நிலை ஏறக்குறைய இதுதான்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். கூட்டுப்பணி என்றதும் பலர் 'கோத்தோங் ரோயோங்' என்று எண்ணிவிடுகின்றனர். கால்வாய் துப்புரவு செய்வதும், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும் போற்றத்தக்க தொண்டு. அதில் கூலி இல்லை. பந்தல் சரிந்தால் வழக்கும் இல்லை. நான் கூறும் முறையிலோ ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் உண்டு. எழுத்து மூலமான கடமையும் உண்டு. "நாம் எல்லாரும் ஒரே குடும்பம், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று சிறு குத்தகையாளரிடம் கூறிக் கூலியைக் குறைப்பது கூட்டுப்பணி ஆகாது. அந்தச் சொல் அவ்வாறு பயன்படுத்தப்படுவதை நான் கேட்டிருக்கின்றேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இம்முறை பயன் தருமா என்னும் கேள்விக்கு இரண்டு சான்றுகளை மட்டும் தருகின்றேன். வட கடலில் ஆண்ட்ரூ என்னும் எண்ணெய்க் களத்தை அமைக்க பி.பி. நிறுவனமும் ஏழு குத்தகை நிறுவனங்களும் 1990களில் ஒரே கூட்டணியாகச் சேர்ந்தன. அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு 37 கோடியே 30 இலட்சம் பவுன். வேலை முடிந்தபோது செலவு ஏறத்தாழ 29 கோடி பவுனாக இருந்தது. 1996ஆம் ஆண்டில், குறித்த காலத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே எண்ணெய் வந்தது. மிச்சமான தொகையில் எல்லாருக்கும் பங்கு கிடைத்தது.

இரண்டாவது, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம். 430 கோடி பவுன் செலவில் எழுந்த அந்தப் பெரும்பணியில் உரிமையாளர் நிறுவனமே ஆபத்துப் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. பணி முழுவதற்கும் ஒரே காப்புறுதி எடுக்கப்பட்டது. பிழை நேர்ந்தால் முதலில் திருத்துவது, பிறகு பேசுவது என்பது அங்கே நடைமுறையாயிற்று. கட்டடம் குறித்த காலத்தில் முடிந்து 2008 மார்ச்சு மாதம் திறக்கப்பட்டது. திறந்த அன்றே பயணப்பெட்டிகளைக் கையாளும் ஏற்பாடு குழம்பி, விமானங்கள் நிறுத்தப்பட்டன என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். கட்டியவர்கள் கூடி உழைத்தனர். அதனை இயக்க வேண்டிய ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை. மேசையைச் சுற்றி யார் யாரை அமர்த்துகின்றோம் என்பது அத்துணை முக்கியம்.

இவ்வளவு பயன் தரும் முறை ஏன் எங்கும் பரவவில்லை? "நம் மக்களுக்குக் கூடி வேலை செய்யும் பண்பு இல்லை" என்பது நம் நாட்டில் அடிக்கடி கேட்கும் விடை. இதனை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத் துண்டாடல் நடைபெற்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாள் கூலி பெற்ற தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் அச்சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. கூடி முதலீடு செய்ய அறிந்த மக்களுக்குக் கூடிக் கட்டடம் கட்டத் தெரியாது என்று யார் கூற முடியும்? பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 1944ஆம் ஆண்டில் சைமன் குழு, கண்மூடித்தனமான விலைப்போட்டி கட்டடத்தின் தரத்தைக் கெடுப்பதாகக் குறை கூறியது. 1964இல் பான்வெல் குழு, வரைபடம் எழுதுபவரும் கட்டுபவரும் பிரிந்து நிற்பதைச் சுட்டிக்காட்டியது. 1994இல் சர் மைக்கேல் லேத்தம், 1998இல் சர் ஜான் ஈகன் என மேலும் அறிக்கைகள் தொடர்ந்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே நோயைப் பற்றி ஒரு நாடு அறிக்கை எழுதிக்கொண்டே இருந்தது என்றால், குறை ஓர் இனத்தின் பண்பில் இல்லை. தொழில் அமைந்திருக்கும் முறையில்தான் இருக்கின்றது.

முதல் தடை, மனிதர்கள் சந்திப்பதற்கு முன்பே விலை முடிவாகிவிடுவது. டெண்டரில் போட்டி கடுமையாகும்போது, வேலை கிடைத்தால் போதும் என்று செலவுக்கும் குறைவான விலையைச் சிலர் எழுதிவிடுகின்றனர். நட்டத்தில் தொடங்கிய வேலையை இலாபத்தில் முடிக்க இரண்டே வழிகள்தாம். வரைபடத்தில் பிழை தேடி, ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பணம் கோருவது ஒன்று. கீழே இருப்பவரின் விலையை நசுக்குவது மற்றொன்று. இரண்டுமே நட்புக்கு ஆகா. ஆகையால், வேலை தொடங்கிய நாளிலிருந்தே இரு தரப்பும் எதிரெதிரே நிற்கின்றன. வேலையைத் தம் பெயரில் பெற்று, ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, முழுவதையும் வேறொருவரிடம் கைமாற்றிவிடும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. அத்தகைய இடத்தில், யாருடன் கூடிப் பணியாற்றுவது என்பதே தெரியாமற் போகின்றது.

"அப்படியானால் குறைந்த விலையைப் பார்க்காமல் நல்லவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடலாமே" என்று கேட்பீர்கள். பொதுப்பணத்தைக் கையாளும் அதிகாரிக்கு அது எளிதன்று. குறைந்த விலை கூறியவரை விட்டுவிட்டு வேறொருவருக்கு வேலை கொடுத்தால், கணக்காய்வாளர் ஏன் என்று கேட்பார், பத்திரிகையும் கேட்கும். வரைபடம் முடியும் முன்னரே ஒரு குத்தகையாளருடன் அமர்ந்து பேசினால், அது சலுகை என்ற ஐயம் எழும். இந்த அச்சத்தைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாகாது. ஊழலுக்கு அஞ்சி எழுதப்பட்ட விதிகள் அவை. அவற்றுக்குக் காரணம் இருந்தது. ஆயினும், விலை ஒன்றே நேர்மையின் அளவுகோல் என்பது சரியாகாது. அனுபவம், ஆட்கள், முந்தைய வேலையின் தரம், துணைக் குத்தகையாளருக்குப் பணம் கொடுத்த ஒழுங்கு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் இட்டு, அந்த மதிப்பெண்ணை வெளிப்படையாக எழுதி வைக்கலாம். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் தம் கையெழுத்திட்டு மதிப்பெண் போடுவது போன்றதே இது. எழுதி வைத்ததைக் கணக்காய்வாளர் படித்துப் பார்க்க முடியும்.

இனி, தடைகளுள் மிகப் பெரியது எதுவென்று நான் கருதுகின்றேனோ அதற்கு வருகின்றேன். அது பணம் வரும் வழி.

உரிமையாளரிடமிருந்து புறப்படும் பணம் தலைமைக் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே உள்ளவர் என்று படிப்படியாக இறங்குகின்றது. மேலே ஒரு மாதம் தாமதமானால் கீழே மூன்று மாதம் தாமதமாகின்றது. போதாக்குறைக்கு, குறை நேர்ந்தால் திருத்துவதற்கென்று பணப்பிடித்தமும் உண்டு. தனியார் கட்டட ஒப்பந்தங்களில் ஒவ்வொரு தவணையிலும் 10 விழுக்காடு என்று பிடித்து, ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு சேரும்வரை வைத்துக்கொள்வது வழக்கம். பெரிய நிறுவனத்துக்கு 5 விழுக்காடு ஒரு பொருட்டன்று. நான்கு பேரை வைத்துக் குழாய் வேலை செய்யும் இளைஞருக்கோ, அந்தத் தொகைதான் அவருடைய இலாபம் முழுவதும். அவர் சிமெண்டுக் கடையில் கடன் சொல்கின்றார். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகின்றது. வேலையாட்கள் வேறு இடம் தேடிக்கொள்கின்றனர். அவரிடம் சென்று, "வாருங்கள், கணக்குப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள், நட்டத்தில் பங்கு கொள்ளுங்கள்" என்று கூறினால் என்ன விடை கிடைக்கும்? தாம் செய்து முடித்த வேலைக்கே பணம் பெறாதவர், செய்யப்போகும் வேலையின் நட்டத்தை எப்படி ஏற்பார்?

முன்பெல்லாம் ஒப்பந்தங்களில் ஒரு வாசகம் இருக்கும். 'எனக்கு மேலிருந்து பணம் வந்தால் உனக்குத் தருவேன்' என்பது அதன் சாரம். மேலே இருப்பவர் நொடித்துப் போனால் கீழே இருப்பவர் உழைப்பு காற்றோடு போயிற்று. லேத்தம் அறிக்கையைத் தொடர்ந்து பிரிட்டன் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதனைப் பெரும்பாலும் தடை செய்தது. சிங்கப்பூர் 2004இல் சட்டம் இயற்றியது. மலேசியாவில் 2012ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில் பணம் செலுத்துதல், தீர்ப்பளித்தல் சட்டம் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன் 35ஆம் பிரிவு அந்தப் பழைய வாசகத்தைச் செல்லாததாக்கிவிட்டது.

இச்சட்டம் நம் இளைஞர்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. ஆகவே சற்று விரிவாகக் கூறுகின்றேன். பணம் வராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் எழுத்து மூலம் கோரிக்கை அனுப்ப வேண்டும். எவ்வளவு தொகை, எந்த நாளில் தரப்பட்டிருக்க வேண்டும், என்ன வேலை, ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி, இச்சட்டத்தின் கீழ்க் கோருகின்றேன் என்னும் விவரங்கள் அதில் இருக்க வேண்டும். எதிர்த் தரப்பு 10 வேலை நாள்களுக்குள் பதில் கூற வேண்டும். பதில் கூறாமல் வாய்மூடி இருந்தால், கோரிக்கை முழுவதையும் மறுத்ததாகவே சட்டம் கருதும். தகராறு தீராவிடில் தீர்ப்பாளர் ஒருவர் அமர்த்தப்படுவார். இரு தரப்பும் தத்தம் வாதங்களைச் சமர்ப்பித்து முடித்த பின்னர் 45 வேலை நாள்களுக்குள் அவர் தீர்ப்புக் கூற வேண்டும். தீர்ப்பான தொகை அப்பொழுதும் வராவிட்டால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து வேலையை நிறுத்தி வைக்கலாம். பணம் தராதவருக்கு மேலே இருப்பவரிடம், நேரடியாகத் தமக்குச் செலுத்துமாறு கோரவும் வழி உண்டு.

ஆனால் இச்சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தங்களுக்கே பொருந்தும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இங்கேதான் நம்மவர் வழுக்கி விழுகின்றனர். "அண்ணன் சொன்னார், செய்தேன்", "மாமாதானே, எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்" என்று வாய்ச்சொல்லை நம்பி வேலை தொடங்குகின்றனர். எழுதிக் கேட்பதை அவநம்பிக்கை என்று கருதுவது நம் வழக்கத்தில் ஊறிவிட்டது. எழுதாத நம்பிக்கை, கூட்டுப்பணிக்கும் ஒரு தடைதான். பாகி டுவாவில் தராசு இருப்பதால் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

பொறுப்பு, காப்புறுதி ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல். கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் குத்தகையாளரும் தனித்தனியே காப்புறுதி எடுக்கின்றனர். இழப்பு நேர்ந்தால் யாருடைய தவறு என்று நிறுவப்பட்ட பின்னரே காப்புறுதி நிறுவனம் பணம் தரும். ஆகவே, "இதில் என் பிழையும் உண்டு" என்று மேசையில் ஒருவர் மனம் திறந்து கூறுவதைக் காப்புறுதியே தடுக்கின்றது. தாமதத்துக்கு நாள்தோறும் தண்டத்தொகை என்னும் விதியும் இவ்வாறே கடிதப் போருக்கு விதையாகின்றது. கணினியில் அனைவரும் ஒரே வரைபடத்தில் வேலை செய்யும் வசதி இப்பொழுது வந்திருக்கின்றது, நல்லதுதான். ஆனால் ஒப்பந்தம் பழையபடியே இருக்குமானால், கணினி புதிய சண்டைக்கு வேகத்தை மட்டுமே கொடுக்கும்.

அடுத்த தடை, அறிந்தவரை அழைக்காமை. நான் ஆசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியில் புதிய கட்டடத்தின் கால்வாய், வெளியே உள்ள பெரிய கால்வாயைவிடத் தாழ்வாக அமைந்துவிட்டது. முதல் பெருமழையிலேயே நீர் பின்னோக்கி ஏறி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பைகள் நனைந்தன. சுவர் எழுப்பிய மேஸ்திரியிடம் பின்னர் பேச நேர்ந்தது. மட்டக் கயிறு பிடித்த அன்றே அவருக்கு அது தெரிந்திருந்தது. "படத்தில் உள்ளபடி செய்யாவிட்டால் எனக்குப் பணம் கிடைக்காது, சார், படத்தைப் பற்றிப் பேச எனக்கு இடம் ஏது?" என்றார் அவர். நாற்பது ஆண்டுக் கால அனுபவம் அந்த இடத்தில் இருந்தது; அதனைக் கேட்பதற்கான நாற்காலி ஒன்று மட்டும் இல்லை. கால்வாயை உடைத்து மீண்டும் கட்டிய செலவு யாருடையது என்னும் வழக்கு, அந்தப் பிள்ளைகள் நான்காம் வகுப்புக்குப் போன பிறகும் முடிந்தபாடில்லை.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினேன். இனி, கட்டடத்தைக் கேட்கும் நம்மைப் பற்றியும் பேச வேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குக் கட்டடம் எழும்ப எத்தனை தரப்பினர் சேர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பல பள்ளிகளில் நிலம் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தம். பள்ளி வாரியம் ஒரு பக்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு பக்கம், தலைமையாசிரியர் ஒரு பக்கம், கல்வி அமைச்சும் பொதுப்பணி இலாகாவும் மற்றொரு பக்கம். மண்டபம் முதலில் வேண்டும் என்று வாரியம் கூறும். கழிப்பறை முதலில் வேண்டும் என்று பெற்றோர் கூறுவர். பாதி வேலை நடந்த பின்னர், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் மாடிப்படியை வேறு பக்கம் வைக்கச் சொல்வார். உரிமையாளர் ஒரே குரலில் பேசாத இடத்தில் குத்தகையாளர் யாருடன் கூடிப் பணியாற்றுவார்? கூட்டுப்பணி முறை பற்றி எழுதும் அறிஞர்கள் குத்தகையாளரின் குறையையே மிகுதியாகப் பேசுகின்றனர். என் கருத்தில், சிறிய கட்டடங்களைப் பொறுத்தவரை, உரிமையாளர் தரப்பின் பிளவுதான் விலைப்போட்டிக்கு அடுத்த பெரிய தடை.

கீழ்ப் பேராக் பகுதியிலும் சிலாங்கூர்க் கடலோரத்திலும் உள்ளவர்களுக்கு இது நன்கு புரியும். அங்கே சேற்று நிலமும் கரிமண்ணும் மிகுதி. மண் ஆய்வுக்கு ஓராயிரம் வெள்ளி மிச்சம் பிடித்துவிட்டு, கடைக்கால் தோண்டும்போது மண் இளகியிருப்பதைக் கண்டு எல்லாரும் திகைத்து நிற்பார்கள். மண் யாருடைய குற்றமும் அன்று. ஆயினும் வழக்கமான ஒப்பந்தம் அதற்கும் ஒரு குற்றவாளியைத் தேடும். மண் இளகினால் கூடுதல் செலவை எவ்வாறு பங்கிடுவது என்று முதலிலேயே பேசி வைத்தால், அன்று மாலையே வேலை தொடரும்.

பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. சுங்கை பூலோவுக்கும் காஜாங்குக்கும் இடையிலான எம்.ஆர்.டி. இரயில் தடம் 2017 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்குப் 'பணி ஒப்படைப்புப் பங்காளி' என்னும் முறை கையாளப்பட்டது. பங்காளி நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு, செலவுக்கும் காலத்துக்கும் பொறுப்பேற்று, வேலைகளைப் பல குத்தகைகளாகப் பிரித்து மேற்பார்வையிட்டது. வேலை நிறைவேறியது, அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இரண்டாம் தடத்தில், 2018ஆம் ஆண்டில், அரசாங்கம் அம்முறையை விட்டு நிலையான விலையுடைய மொத்தக் குத்தகைக்கு மாறியது. செலவைக் குறைப்பதே அப்போது முதற்கேள்வியாக இருந்தது. 'பங்காளி' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தாலும், இலாப நட்டம் கடைசித் துணைக் குத்தகையாளர் வரை பங்கிடப்படாத வரையில், அது நான் கூறும் கூட்டுப்பணி ஆகாது. சிங்கப்பூர் வேறு வழியில் செல்கின்றது. அங்கே அரசாங்கக் கட்டுமான ஒப்பந்தப் படிவத்துடன் கூட்டுப்பணிக்கான ஒரு விருப்பப் பகுதி 2018இல் சேர்க்கப்பட்டது. விரும்பும் பணிகளுக்கு அதனை இணைத்துக்கொள்ளலாம். முழுவதையும் ஒரே நாளில் மாற்றாமல், தகராறு முற்றும் முன்னர் கூடிப் பேசுதல், ஆபத்துகளை முன்கூட்டியே பட்டியலிட்டு அறிவித்தல் ஆகியவற்றிலிருந்து தொடங்கும் அந்த அணுகுமுறை எனக்கு விவேகமாகத் தோன்றுகின்றது.

பெரும் பணிகளின் ஒப்பந்தம் நம் கையில் இல்லை. மூன்று வகுப்பறைக் கட்டடமும், கோயில் மண்டபமும், கூட்டுறவுச் சங்கக் கடையும் நம் கையில் இருக்கின்றன. அத்தகைய வேலையில் ஈடுபடும் குழுவினர், டெண்டர் அழைக்கும் முன்னரே தமக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, குத்தகையாளருடன் பேசும் அதிகாரத்தை அவர் ஒருவருக்கே எழுதிக் கொடுங்கள். வரைபடம் முடியும் முன்னர், அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த மேஸ்திரி ஒருவரையும், குழாய் வேலை அறிந்தவர் ஒருவரையும் அழைத்து, இரண்டு மணி நேரம் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்த குத்தகையாளரா, ஜி1 முதல் ஜி7 வரையிலான தரங்களுள் எத்தரத்தினர், உங்கள் வேலையின் அளவு அத்தரத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். அவரிடம் முன்பு துணைக் குத்தகை செய்த இருவரைத் தேடிச் சென்று, பணம் ஒழுங்காக வந்ததா என்று கேளுங்கள். எந்தச் சான்றிதழும் கூறாததை அவர்கள் கூறுவார்கள். எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதிலிருந்து மிச்சமானால் குத்தகையாளருக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று. வாய்மொழியாக ஒப்புக்கொண்ட வேலையாயினும், தொடங்கும் முன்பு என்ன வேலை, என்ன விலை, எப்பொழுது பணம் என்பதை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கூடுதல் வேலை சொல்லப்பட்டால் அன்றே அதனையும் எழுதி, தேதியிட்டு அனுப்புங்கள்.

பணக் கோரிக்கைக் கடிதத்தின் மாதிரி ஒன்றை மலாயிலும், அதன் விளக்கத்தைத் தமிழிலும் தயாரித்துக் கொண்டுவந்திருக்கின்றேன். வாசலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றது. ஆளுக்கொரு படி எடுத்துக்கொள்ளுங்கள். நிலுவைப் பணம் பற்றித் தனியே பேச விரும்புவோர், தேநீருக்குப் பின் தங்கள் ஒப்பந்தத் தாள்களுடன் என்னிடம் வரலாம்.